என் பேத்தியின் கால்களைப் பற்றி நான் சொன்னது

குழந்தை யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்பது பற்றிய விசாரணையில், நீதிமன்ற விசாரணை அலுவலர் முன்னிலையில், குழந்தையின் தந்தையைப் பெற்றவர் கொடுத்த வாக்குமூலம்.

முதல் தாளில் எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது எழுபத்தொன்று. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். ஆயத்த ஆடைத் தையற்கூடத்தில் பொத்தான் வைக்கும் வேலை பார்த்தேன், கண் மங்கிய பிறகு நின்றுவிட்டேன். கணவர் காலமாகிவிட்டார். எனக்கு ஒரு மகள், ஒரு மகன்.

குடும்பத்தில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். மகளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கப்பல் இயந்திரப் படிப்பு முடித்து இப்போது கடலில் இருக்கிறான். அவன் படித்த வருடம் அந்தக் கல்லூரியில் இருந்து தேறியவர்களில் முதல் வரிசையில் வந்தவன். இரண்டாமவன் கணக்குத் தணிக்கைத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினான். சின்ன வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்து என் முந்தானைக்குள் ஒளிந்தவன் இவன்தான் என்று சொன்னால் அவன் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். மூன்றாவது பெண். நீச்சலில் பதக்கம் வாங்கியிருக்கிறாள், கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி அளவு பார்க்கும் வேலைக்கு அவளைத் தேடி வந்து கூப்பிட்டார்கள். இந்த இடத்தில் அலுவலர், "வீட்ல கூட இருக்கறவங்களை மட்டும் சொன்னாப் போதும்மா" என்றார். "நீங்க கேட்டதுக்குத்தான் சொல்றேன் ஐயா, இல்லாததையா சொல்றேன்?" என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மகனுக்கு ஒரே பெண். வயது எட்டு. கையெழுத்துப் போட்டியில் பள்ளிக்கூடத்திலேயே முதல் பரிசு. பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுக்காமல் சொல்லுவாள். டாக்டர் எழுதும் சீட்டை மருந்துக் கடைக்காரர் படிப்பதற்குள் படித்துவிடுவாள். ஓட்டப் பந்தயத்தில் மட்டும் அவளுக்குப் பரிசு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். என் மகன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அதை ஏற்கெனவே வேறு இடத்தில் சொல்லியாகிவிட்டது. பேத்தியின் கால் எலும்பு வளைந்துகொண்டு வருகிறது. அதற்கு மருந்து உண்டு. அது வளரும் வயதில் கொடுக்க வேண்டிய மருந்து. குழந்தை இப்போது அவள் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள், அவர் அவளை டாக்டரிடம் காட்ட மறுக்கிறார். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

என் மகன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை செய்கிறான். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மருமகள் ஒரு பெரிய விடுதியின் சலவைப் பகுதியில் இஸ்திரி போடும் வேலையில் இருந்தாள். அந்த விடுதியின் லிஃப்ட்டைச் சரிபார்க்கப் போன இடத்தில்தான் மகன் அவளைப் பார்த்தான். பெண் பார்க்க நான் போனபோது அவள் குள்ளமாக இருந்ததைக் கவனித்தேன். நடக்கும்போது உடம்பு இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து வந்தது. அவள் அண்ணன், அதாவது இப்போது குழந்தையை வைத்திருப்பவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு வாத்து, அத்தை. நடை அப்படித்தான். எங்க அப்பாவும் இதே நடைதான், காலுக்கு நடுவுல பந்தே போகும்" என்று சிரித்தார். அவள், "உன் கால் மட்டும் என்ன, விளக்குக் கம்பம்" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அவர்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இருந்தார். அவர் கால் முழங்காலுக்குக் கீழே வில் மாதிரி இருந்தது. சின்ன வயதில் மூட்டை தூக்கியதால் வந்தது என்று அவரே சொன்னார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு வீடு ஒரு மூக்கு, ஒரு காது என்று இருப்பது மாதிரி அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை என்று நினைத்தோம்.

அதன் பிறகு கல்யாணம் நடந்து, பேத்தி பிறந்து, அவள் முதல் தடவை சுவரை விட்டு நடந்தபோது உடம்பு இரண்டு பக்கமும் சாய்ந்தது. அப்படியே அம்மா நடை என்று வீட்டில் எல்லோரும் கை தட்டினோம். போனில் சொன்னபோது அவள் மாமன், "குட்டி வாத்து வந்தாச்சா!" என்று கத்தியது எனக்கு அடுத்த அறை வரை கேட்டது.

பிரசவத்துக்குப் பிறகு மருமகளுக்கு உடம்பு வலி வந்தது. இடுப்பு, தொடை, விலா என்று எங்கே தொட்டாலும் வலி. எனக்கும் எலும்பில் கோளாறு உண்டு. குளியலறையில் கையை ஊன்றியபோது என் மணிக்கட்டு முறிந்தது, அப்போது எங்கள் பக்கத்து டாக்டர் இது வயதானவர்களுக்கு வரும் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரிடம் நான் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு அடர்த்தி இல்லை, இவளுக்கும் தேய்மானம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி அதே மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் எழுதினார். "மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே மாத்திரை. வீட்டுல சண்டையே வராது" என்று வேடிக்கையாகவும் சொன்னார். அவர் நல்ல மனிதர். எங்கள் தெருவில் பாதிப் பேரைப் பார்ப்பவர். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். வாரத்தில் ஒரு நாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்காருவோம். டீ கூடக் குடிக்கக் கூடாது. அந்த அரை மணியில் அவள் விடுதிக் கதை எல்லாம் சொல்வாள். மூன்று பேர் தங்கும் அறையில் இருந்து பதினொரு துண்டு அழுக்காகி வந்தது, மேலாளரின் சட்டையில் உதட்டுச் சாயம் இருந்தது, இப்படி. மகன் எழுந்து வந்து பார்த்து, "ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்பான். "பஸ் வந்தா உன்னை விட்டுட்டுப் போயிடுவோம்" என்று அவள் சொல்வாள். வேறு எந்த நேரத்திலும் எங்களுக்கு அப்படி உட்கார்ந்து பேச வாய்த்ததில்லை.

ஆனால் எனக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. என் எலும்பு முறிந்தால்தான் வலிக்கும், மற்ற நாளில் சும்மா கிடக்கும். அவளுக்கு எந்த நாளும் வலித்தது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பிலேயே ஏறுவது போல எழுந்தாள். மாடிப்படியில் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினாள். "எழுபது வயசுக்காரி நான் முன்னால போறேன், நீ என்னடி பின்னால வர்ற" என்று கேட்டிருக்கிறேன். "உங்க எலும்பு அந்தக் காலத்துச் சரக்கு அத்தை, எனக்கு வந்தது மட்டம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு ஒரு நாள் காலை அவள் துணி மடிக்கத் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் என் மகனைக் கூப்பிட்டாள். அவன் பின்னால் நின்று, அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினான். அவள் அலறினாள். நான் அடுப்படியில் இருந்து ஓடி வந்தேன். அவன் கையை எடுத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவள், "உன் மேல தப்பில்லை, நீ மெதுவாத்தான் தூக்கினே" என்று சொன்னாள். கீழ் வீட்டுக்காரர் அந்த அலறலைக் கேட்டதாகப் போலீசில் சொல்லியிருப்பது உண்மை. அலறல் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அதன் பிறகும் சில தடவை இதே மாதிரி நடந்தது. இருமினால்கூட விலாவைப் பிடித்துக்கொள்வாள். பேத்தி கட்டிப்பிடிக்க ஓடி வந்தால் ஒரு கையை முன்னால் நீட்டித் தடுத்து, தலையை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ஏன் அம்மா கட்டிக்க மாட்டேங்கறே என்று பேத்தி கேட்டிருக்கிறாள்.

அதன் பிறகு சென்ற மழைக்காலத்தில் அவள் வேலை முடிந்து வந்து, இரண்டாவது மாடி திருப்பத்தில் ஒரு படியில் காலை வைத்தபோது தொடை எலும்பு முறிந்தது. அவள் விழவில்லை. முறிந்த பிறகுதான் உட்கார்ந்தாள். அப்போது நான் மேலே கதவைத் திறந்துகொண்டு நின்றேன், அவள் என் கண் முன்னால்தான் உட்கார்ந்தாள். மகன் அப்போது வேலையில் இருந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கம்பி வைத்து அறுவை செய்தார்கள். அவள் அண்ணன் வந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, "வாத்து, எந்திரிடி, லைசென்ஸ் எடுத்துத் தர்றேன், இனிமே நடக்கவே வேணாம்" என்று சொன்னார். அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். அவள், "உன் வண்டியில ஏறறதுக்குப் பதிலா நான் முறிஞ்ச காலோடவே இருப்பேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காலை முகம் துடைத்துவிட நான் வெந்நீர் கொண்டுவந்தபோது மூச்சு முட்டுகிறது என்றாள். சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது, காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள். தண்ணீர்ப் பாத்திரம் என் கையில்தான் இருந்தது. அது ஆறும் வரை நான் அதை வைக்கவில்லை என்று தாதி பிறகு சொன்னார்.

அதன் பிறகு உடலைப் பரிசோதித்தார்கள். விலா எலும்புகளில் இரண்டு பக்கமும் பல விரிசல்கள், சில பழையவை, சில புதியவை, இடுப்பு எலும்பிலும் உண்டு என்று தெரியவந்தது. அது அவள் அண்ணன் காதுக்குப் போனது. அவர் பிணவறை வாசலில் என் மகனின் சட்டையைப் பிடித்தார். "எத்தனை வருஷமாடா அடிச்சே?" என்று கேட்டார். என் மகன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது அவன் குற்றத்தை ஒத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. அண்ணன் புகார் கொடுத்தார், கீழ் வீட்டுக்காரர் அலறலைச் சொன்னார், மகனைக் காவலில் வைத்தார்கள். அன்றே அண்ணன் வந்து பேத்தியை அழைத்துப் போனார். என்னை அத்தை என்று கூப்பிடுபவர் அன்று, "கொஞ்சம் தள்ளுங்கம்மா" என்றார். பேத்தி தன் கையெழுத்துப் பரிசுக் கோப்பையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளே ஓடினாள். அது அலமாரியில் எட்டவில்லை. அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு வழக்கை விசாரித்த உதவி ஆய்வாளர் ஒரு நாள் என்னையும் அண்ணனையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். உடலைப் பரிசோதித்த பெண் டாக்டர் இடுப்பு எலும்பில் ஒரு துண்டு எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எடுத்த ரத்தமும் சிறுநீரும் மீதி இருந்திருக்கிறது. அந்த முடிவுகள் வந்திருந்தன. அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

எலும்பு பலவீனமாவதற்குப் பல காரணம் உண்டு, எல்லாம் எக்ஸ்ரேயில் வெளிறித் தெரியும், அதனால் ஒன்றை மற்றொன்றாக நினைப்பது எளிது என்றார். எனக்கு இருப்பது தேய்மானம். அதில் இருக்கும் எலும்பு நல்ல எலும்பு, ஆனால் அளவு குறைந்துவிட்டது. செங்கல் உருவின சுவர் மாதிரி. மருமகளுக்கு இருந்தது அது இல்லை. அதன் பெயர் ஆஸ்டியோமலேசியா, எலும்பு மென்மையாகும் நோய். அதில் சுவர் முழுதாகத்தான் இருக்கிறது, ஆனால் பூசின கலவை இறுகவே இல்லை, ஈரமாகவே நிற்கிறது, பாரம் தாங்கினால் வளையும், மெல்ல மெல்ல விரிசல் விடும், எந்நேரமும் வலிக்கும், தொடையில் பலம் இருக்காது என்றார். புற்றுநோய் அரித்த எலும்பாக இருக்குமோ என்றும் பார்த்ததாகவும், அது இல்லை என்றும் சொன்னார். அதன் பிறகு அண்ணன், "அடிச்சா விரிசல் விடாதா?" என்று கேட்டார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். இடது விலாவில் எங்கே விரிசலோ வலது விலாவில் கிட்டத்தட்ட அதே இடத்தில் விரிசல் இருந்தது. "அடிக்கிற கை இப்படி அளந்து ரெண்டு பக்கமும் அடிக்காதுங்க. இந்த நோய்ல விரிசல் இப்படித்தான் ஜோடி ஜோடியா வரும். ஆய்வுக்கூடத்துலயும் எலும்புத் துண்டைப் பார்த்து அதையே எழுதியிருக்காங்க" என்றார்.

அதன் பிறகு நான், "ஒரே மாத்திரைதானே தின்னோம்" என்று கேட்டேன். அந்த மாத்திரை தேய்மானத்துக்கு உள்ளது, மென்மை நோய்க்கு உதவாது, கெடுதல்கூடச் செய்யலாம், ஆனால் அதனால்தான் இறந்தாள் என்று நினைக்க வேண்டாம் என்று சொன்னார். இரண்டையும் பிரித்துச் சொல்ல ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை மட்டும் பார்த்தால் போதாது, பாஸ்பரஸ் பார்க்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை, அவளுக்கு அது மிகக் குறைவாக இருந்தது என்றார். வெயில் படாமல், விட்டமின் இல்லாமல் வருவது ஒரு வகை. அவளுக்கு விட்டமின் சரியாக இருந்திருக்கிறது, பாஸ்பரஸ் மட்டும் சிறுநீரில் ஓடிப்போயிருக்கிறது. இது பெரும்பாலும் பிறப்பிலேயே வரும் வகை என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "உங்க அப்பா அம்மா யாருக்காவது கால் வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார். நான்தான், அவர் அப்பாவுக்கு இருந்தது என்று சொன்னேன். அப்பாவிடம் இருந்து மகள்களுக்கு எல்லாம் போகும், மகன்களுக்குப் போகாது, அதனால்தான் நீங்கள் நேராக இருக்கிறீர்கள் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். பிறகு, "இறந்தவங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, பெண் என்றேன். "பல்லுல சொத்தை இல்லாமலே ஈறுல கொப்புளம் வந்திருக்கா?" என்று கேட்டார். இரண்டு தடவை வந்திருக்கிறது. பல் டாக்டர் நல்ல பல்லில் எப்படி வந்தது என்று தெரியாமல் விழித்தார். அதை நான் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடிவிட்டு, குழந்தையை உடனே கூட்டி வாருங்கள், அவளுக்கும் இந்த நோய் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, இப்போது மருந்து ஆரம்பித்தால் கால் எலும்பு வளரும்போதே நேராக வாய்ப்பு உண்டு, வளர்ச்சி நின்ற பிறகு எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்றார். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "செத்தவ மேல நோயைப் போட்டு உங்க பிள்ளையை வெளிய எடுக்கப் பார்க்கறீங்க. இப்ப குழந்தை மேலயும் போடறீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு என் மகன் விடுதலை ஆனான். குழந்தையைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டான். அண்ணன் எதிர் மனுப் போட்டார். டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள் என்று போனில் கேட்டபோது, "டாக்டர் பேரைச் சொல்லி வாசலைத் தாண்ட வெச்சு அப்படியே தூக்கிட்டுப் போகலாம்னு பார்க்கறீங்க. எனக்கே காது குத்தறீங்களா?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

அதன் பிறகு நானே நேரில் போனேன். மகனிடம் சொல்லவில்லை. அண்ணனின் வண்டிப் பள்ளிக்குப் பின்னால் வீடு. இடையில் பெரிய சிமென்ட் முற்றம். வண்டியை நேராக நிறுத்திப் பழகுவதற்காக அதில் வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். வேலிக் கதவுக்கு வெளியே நின்றபடி பார்த்தேன். பேத்தி அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நடந்துகொண்டு வந்தாள். அண்ணன் கோட்டின் மறு முனையில் நின்று, "நேரா... நேரா... பாதத்தை வெளிய விடாத. கோட்டை மிதி. உடம்பு ஆடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதட்டவில்லை. புதிதாக வண்டி பிடிப்பவருக்குச் சொல்வது போல் பொறுமையாகச் சொன்னார். அவள் கைகளைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்து, காலை ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக வைத்தாள். முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நடுவில் இடைவெளி இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தபோது இருந்ததைவிட அதிகமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

என்னைப் பார்த்ததும் அவள் கோட்டை விட்டு ஓடி வந்தாள். ஓடும்போது உடம்பு ஆடியது. "பாட்டி! நான் கியர் எல்லாம் சொல்லுவேன்! மாமா வண்டியில உட்கார வெச்சாரு!" என்றாள். எந்தெந்தப் பாடத்தில் என்ன மதிப்பெண் என்று கேட்டேன். எல்லாவற்றிலும் முதல் என்றாள். கம்பிக்கு இடையில் கையைக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோட்டுல நடந்தா சாயங்காலம் கால் வலிக்குது பாட்டி. மாமாகிட்ட சொல்லலை. நான் நேரா நடந்தாத்தான் அவரு அழ மாட்டாரு" என்றாள். அண்ணன் வந்தார். அவர் கையில் தைலப் புட்டி இருந்தது. நடந்து முடித்ததும் அவள் காலுக்குத் தேய்த்துவிடுவதற்காக வைத்திருந்தது என்று அவர் மனைவி பிறகு வாசலுக்கு வந்து சொன்னார். அவர் என்னிடம், "இது நோய் இல்லை. எங்க வாத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினது. நான் மாத்திக் காட்டறேன்" என்றார். "தம்பி, ஒரு சொட்டு ரத்தம்தான் கேக்கறேன்" என்றேன். "முதல்ல ரத்தம்பீங்க, அப்புறம் பிள்ளைம்பீங்க" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. நான் அவரைத் திட்டலாம் என்று போனவள். தைலப் புட்டியைப் பார்த்த பிறகு திட்ட வரவில்லை.

அதன் பிறகு நான் வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன், "நாம கேக்கற வரைக்கும் அவரு காட்ட மாட்டாரும்மா" என்றான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், சொல்லத் துணியவில்லை. குழந்தை எங்களுக்கு வேண்டும் என்று கேட்கும் வரை நாங்கள் சொல்லும் நோய் அவருக்குப் பொய்யாகத்தான் படும். கேட்காமல் விட்டால் நோயைப் பற்றிய பேச்சு மட்டும் மிஞ்சும். மகன், "அவ கால் நேரா இருந்தாப் போதும். நீயே போய்ச் சொல்லிடு, என்னால அங்க வந்து அதைச் சொல்ல முடியாது" என்றான்.

ஆகையால் நான் சொல்வது இது. என் மகன் போட்ட மனுவைத் திரும்பப் பெறுகிறோம். அவன் கையெழுத்திட்ட தாள் இதனுடன் இருக்கிறது. பேத்தி மாமன் வீட்டிலேயே வளரட்டும். அவர் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று என் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் அந்த வாசலுக்கு வர மாட்டோம், பள்ளிக்கூட வாசலுக்கும் போக மாட்டோம். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தையை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். நாங்கள் சொல்லும் டாக்டர் வேண்டாம், அவர் நம்பும் டாக்டர் யாராக இருந்தாலும் சரி. ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சத்து மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடக் கூடாது. அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் கால் இப்படி இருந்தது என்பதை அவர் வாயால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோய் இல்லை என்று வந்தால் நான் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இருக்கிறது என்று வந்தால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், மருந்தை ஆரம்பித்தால் போதும். அதுவரை அவளை அந்தக் கோட்டில் நடக்க வைக்க வேண்டாம்.

அலுவலர், "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா? இதை எழுதிட்டா அப்புறம் மாத்தறது கஷ்டம்" என்று கேட்டார். எதிர்ப் பக்க நாற்காலியில் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் யோசித்துத்தான் சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் பயந்து சொல்லவில்லை. எழுதியதை அலுவலர் எனக்கு முழுதும் படித்துக் காட்டினார். என் வாயில் இருந்து வந்ததுதான் தாளில் இருக்கிறது, அதில் பொய் கலக்கவில்லை என்று அறிந்து ஒப்பம் இடுகிறேன்.

(கையெழுத்து)

ஒப்பம் இட்ட பின் சாட்சி கேட்டுக்கொண்டதால் கீழே சேர்க்கப்பட்டது:

மருந்து ஆரம்பித்து ஒரு வருடம் ஆன பிறகு, பேத்தியைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது பொத்தான் போன், அதில் படம் வராது. செருப்பு இல்லாமல், இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, முழங்கால் தெரிய நிற்க வைத்து எடுக்க வேண்டும். படத்தில் இடம் போதாவிட்டால் முகத்தை விட்டுவிடலாம். முகம் எனக்கு மனப்பாடம்.